மூலையில் நின்ற தேதி

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் முதலில் படுத்தது இருளாயி. அதற்கப்புறம் ராசு. வல்லத்திராக்கோட்டை அழகுமலை மட்டும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார், பொங்கலோடு அவரும் போய்ச் சேர்ந்தார்.

பதற வேண்டாம். மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் சொல்வது என் வீட்டுக்காரர் சோலையப்பன் பிரவுசரில் சேர்த்து வைத்திருந்த லிங்க்குகளை. எந்த இணையதளத்தை யாருக்காக முதலில் திறந்தாரோ, அவர் பெயரையே அந்த லிங்க்குக்கு வைத்துவிடுவது இவர் வழக்கம். முதியோர் பென்சன் என்றால் இருளாயி. கரண்ட் பில் என்றால் ராசு. பட்டா என்றால் அழகுமலை. புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் "இருங்க, ராசுவைத் தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று இவர் சொல்வதைக் கேட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கடை திருக்கோகர்ணத்தில், கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஜாதகம், இன்டர்நெட் எல்லாம் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குள். ஜெராக்ஸும் லேமினேஷனும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் அவருடையது. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காது. கடையில் அவர் இல்லாத நேரத்தில் மட்டும் எனக்கு அனுமதி உண்டு, அதுவும் டைப் அடிக்க மட்டும்.

அந்தப் பிரவுசருக்கு என்ன வயது என்று கடவுளுக்குத்தான் தெரியும். திறந்ததும், தான் பழசாகிவிட்டதாகவும் தன்னைப் புதுப்பிக்கச் சொல்லியும் மஞ்சள் பட்டையில் ஒரு வரி காட்டும். சரி, புதுப்பிப்போம் என்று அதை அழுத்தினால் அந்த லிங்க்கும் திறக்காது. ஒவ்வொரு லிங்க்காகச் சாகச் சாக இவர் ஒரே காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "சைட்டுல பிரச்சனை. சர்வர் தூங்குது. நாளைக்கு வாங்க." நாளைக்கு வரச் சொன்னவர்கள் எல்லாம் இன்றைக்கே எதிர்க்கடைக்குப் போனார்கள். இவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஜாதகம்தான் ஓடுகிறதே என்பார்.

ஜாதக விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம், பைக்கில் ஒருவர் வந்து சிடி ஒன்றைப் போட்டு ஜாதகம் எழுதும் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் லாக்கைத் திறக்கிற நம்பரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அவர் கொடுத்த போன் நம்பரை எடுத்தது காரைக்குடியில் ஒரு பேக்கரி. ஆனாலும் அந்த ஜாதகம் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்படி ஓடுகிறது என்று நான் கேட்டதில்லை. ஓடுவதைக் கேள்வி கேட்டு நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

அதில் ஒரு பக்கம்தான் பிரிண்ட் வரும். மேலே ராசிக் கட்டம், நடுவில் நவாம்சம், அடியில் நடப்பு தசை, புக்தி, இருப்பு என்று ஒரே ஒரு வரி. அதாவது இப்போது நடப்பது நல்ல காலமா கெட்ட காலமா, அது இன்னும் எத்தனை நாளைக்கு என்பது. வாங்கிப் போகிறவர்கள் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவரவர் ஊர் ஜோசியர் பஞ்சாங்கத்தை விரித்துக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். அந்த அடிவரியை நம்பிய ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இவருக்கு மூத்தவள் பிச்சையம்மாள். என் மாமனார் நேரம் காலம் பார்க்கிறவர் இல்லை. வந்த மாப்பிள்ளை நல்லவன் என்று பட்டதும் கட்டிக்கொடுத்துவிட்டார். பதினோராவது மாதம் பிச்சையம்மாள் தாலியில்லாமல் திரும்பி வந்தாள். இரண்டு வருடம் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்துவிட்டு ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் மாமனாரும் போனார். கையில் மிஞ்சியது கடைக்குட்டி செவந்தி. அப்போது அவளுக்குப் பத்து வயது. இவர் அவளைத் தங்கை மாதிரி வளர்க்கவில்லை, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வளர்த்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் மாதம் அறந்தாங்கியிலிருந்து கண்ணாத்தாள் வந்தார். இவருக்குத் தூரத்து அத்தை முறை. கூட வந்த மகன் முத்துராஜ் கத்தாரில் ஏசி மெக்கானிக். செவந்தியைக் கேட்டார்கள். இவருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கும், செவந்திக்கு அதைவிடப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். இவர் கடைக்கு ஓடி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ராகு தசையில் சனி புக்தி. பிச்சையம்மாள் கல்யாணத்தின்போதும் அதே சனி புக்திதானாம். இவர் முகம் செத்துவிட்டது. இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னார். அத்தை முனகிக்கொண்டே போனார். முத்துராஜ் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். செவந்தி அன்றைக்குக் குளிக்கப் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த வைகாசிக் கடைசியில் அத்தை மறுபடி வந்தார். முத்துராஜுக்கு நாற்பது நாள் லீவு.

"சோலையப்பா, ரெண்டு வருஷம்னு சொன்ன, மூணாச்சு. ஆனி பொறந்ததும் தாலி கட்டித்தான் இவனை அனுப்புவேன். எனக்கு முட்டி வலி, ஒத்தையில கெடக்க முடியலை. முடியாதுன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு. மணமேல்குடிப் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு, அங்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே "அதெல்லாம் சனி போயிருச்சுத்தை, ஒரு வார்த்தை பாத்துட்டுச் சொல்றேன்" என்று கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது சிரிப்பைக் காணோம். கையில் ஜாதகம். ராகு தசை, சனி புக்தி, இருப்பு இரண்டு வருடம், நாலு மாதம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"போன தடவையும் ரெண்டு வருஷம் நாலு மாசம்னுதான சொன்னீங்க?"

"அப்ப நான் சரியாப் பாக்கலை போலருக்கு. அஞ்சு வருஷம் இருந்திருக்கும். பயத்துல கொறைச்சுப் படிச்சிருப்பேன்."

"மிஷினு தப்பா இருந்தா?"

"மனுசன் தப்பாப் பாப்பான் பரிமளா. மிஷினுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

இந்த ஆளிடம் என்ன பேசுவது. மூன்று நாள் நான் பேசவில்லை. செவந்தி வழக்கம்போல் லேபுக்குப் போய் வந்தாள். தனியார் லேப் ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு, இந்த மூன்று வருடத்தில் அதற்கு மேலே ஒரு கோர்ஸும் முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இரவு அவள் சட்னியில் உப்புப் போட மறந்தாள். யாரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தோம்.

சனிக்கிழமை காலை இவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அறந்தாங்கிக்குக் கிளம்பினார். பெண் கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்வதென்றால் நேரில் போய்ச் சொல்லவேண்டும், போனில் சொன்னால் உறவு அறுந்துவிடும் என்பது இவர் கட்சி. கிளம்புவதற்கு முன் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, கம்ப்யூட்டருக்கும் காட்டி, மவுஸைப் பிடித்து மூலையில் ஏதோ தட்டினார். தினமும் செய்வதுதான். அதுவும் சாமி கும்பிடுவதில் சேர்த்தி என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அழகுமலை வந்தார். லிங்க் இல்லை, ஆள். தோட்டத்து மண் காலோடு வாசலிலேயே நின்றார்.

"பட்டா நகல் ஒண்ணு வேணும்மா. நான் தொறக்குறேனான்னு பாருங்க."

"நீங்க பொங்கலோட போயிட்டீங்கண்ணே. எதிர்க்கடையில பாருங்க."

"அங்க கூட்டமா இருக்கு. சும்மா ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

வேறு ஒரு நாளாக இருந்தால் அனுப்பியிருப்பேன். அன்றைக்கு எனக்கு யார் மேலாவது கோபத்தைக் காட்டவேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வசமாக மாட்டியது. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அழகுமலை என்று எழுதியிருந்த லிங்க்கை அழுத்தினேன். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. ராசுவை அழுத்தினேன். அதே பதில். இருளாயியும் அப்படியே. மோடம் வயரைப் பிடுங்கி, நூறு எண்ணி, திரும்பச் சொருகினேன். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது, பக்கம் மட்டும் வரவில்லை. செவந்தி எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி பழைய ஹிஸ்டரியை எல்லாம் அழித்தேன். ஒன்றும் ஆகவில்லை. லிங்க் பழசாக இருக்குமோ என்று அழகுமலையின் போனை வாங்கி அதே தளத்தைத் தேடினேன். அதில் ஒரு நொடியில் திறந்தது. அதில் இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தேன். மறுபடியும் அதே சிவப்புப் பக்கம்.

"போன்ல வருது, இதுல வரலை. அப்ப சைட்டு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. தூங்குறது நாமதான்" என்றேன்.

"அந்தச் செவப்புல என்னமோ எழுதிருக்கே, அது என்னம்மா?" என்றார் அழகுமலை.

எழுதியிருந்ததுதான். இத்தனை நாளில் நாங்கள் இருவரும் அதை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. சிவப்பைப் பார்த்ததும் மூடிவிடுவோம். நான் தபாலில் பி.காம். படித்தவள், விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றது. அடுத்த வரியில், உங்கள் கம்ப்யூட்டரின் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் என்றது.

கீழே வலது மூலையைப் பார்த்தேன். 20-07-2016.

"அழகுமலை அண்ணே, இன்னைக்கு என்ன தேதி?"

"ஜூன் பதினாலு. ஏம்மா?"

"இது ரெண்டாயிரத்துப் பதினாறுங்குது."

அவர் குனிந்து பார்த்து, "அப்ப என் மக ஆறாப்பு படிச்சா" என்றார்.

தேதியை அழுத்தி, வருடத்தை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 2025, ஜூன் 14. பிரவுசரை மூடித் திறந்து அழகுமலையைத் தட்டினேன். கொஞ்சம் முக்கிவிட்டுப் பக்கம் வந்தது. படங்கள் வரவில்லை, எழுத்துகள் அங்கங்கே கட்டமாக இருந்தன, ஆனால் பட்டா வந்தது. ராசுவைத் தட்டினேன், எழுந்தார். இருளாயியும் எழுந்தார். இத்தனை நாளாகச் சைட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம், குற்றம் எங்கள் மூலையில் இருந்தது. ஒவ்வொரு தளமும் புதுச் சான்றிதழ் வாங்க வாங்க, எங்கள் பழைய தேதியில் அது ஒவ்வொன்றாகச் செத்திருக்கிறது. அழகுமலை பட்டாவை வாங்கிக்கொண்டு, தான் பிழைத்ததில் சந்தோஷமாகப் போனார்.

யாரும் இல்லாத கடையில் நான் பெருமையாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தது. ஜாதகமும் ஒழுங்காக ஓடுகிறதா பார்ப்போம் என்று அதைத் திறந்தேன். ஒரு மாத அவகாசம் முடிந்துவிட்டது, லாக் நம்பரைப் போடவும் என்று சொல்லி நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஊதுபத்தி காட்டிவிட்டு மூலையில் தட்டியது இதற்குத்தான். மென்பொருள் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே இருப்பதாக நம்பவேண்டும், அதனால் தினமும் காலையில் இவர் தேதியைப் பின்னால் இழுத்து, சிடி போட்ட நாளில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். பிறந்த தேதியைப் போட்டால் கட்டம் சரியாக வருகிறது, இன்றைய தேதி எதற்கு என்று நினைத்திருப்பார். கட்டம் சரிதான். அடிவரி?

லேமினேஷன் பெட்டியைக் குடைந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தை வந்தபோது எடுத்த செவந்தியின் ஜாதகத்தை நான்தான் லேமினேட் செய்து வைத்திருந்தேன். அதையும், இந்தப் புதன்கிழமை எடுத்ததையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில், சனி புக்தி, இருப்பு இரண்டு வருடம், நாலு மாதம், பதினோரு நாள். புதியதில், இரண்டு வருடம், நாலு மாதம், பதினோரு நாள். ஒரு நாள்கூட நகரவில்லை.

உடனே அவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மணி பதினொன்றரை. பஸ் எப்போதோ அறந்தாங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இந்த மனிதர் இப்போது அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு, முடியாது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் அத்தை மணமேல்குடிக்குப் போய்விடுவார். ரோஷக்காரி, திரும்பி வரமாட்டார். ஆறு தடவை போட்டேன். பிறகு செவந்திக்குப் போட்டேன்.

பன்னிரண்டரைக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. இரண்டு ஜாதகத்தையும் காட்டினேன், மூலையைக் காட்டினேன், நான் மாற்றுவதற்கு முன் என்ன தேதி இருந்தது என்று சொன்னேன். லேபில் எண்களைப் பார்த்துப் பழகியவள், அதற்கு மேல் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எத்தனை வருஷமா அண்ணி இப்படி?"

"சிடிக்காரன் வந்ததுலேர்ந்து."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தேதிய மாத்துறது தெரியும். அது எங்க போய் முட்டும்னு தெரியாது."

அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இணையத்தில் இலவசமாக ஜாதகம் கணிக்கிற ஒரு பக்கத்தைத் தேடித் திறந்தாள். காலையில் நான் மட்டும் தேதியைத் திருத்தாமல் இருந்திருந்தால் அதுவும் சிவப்பாகத்தான் நின்றிருக்கும். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் அடித்தாள். பக்கம் மெதுவாக வந்தது, பிரிண்ட் எடுத்தாள். அடியில் அந்த வரி. ராகு தசை, சுக்கிர புக்தி, இருப்பு பூஜ்யம் வருடம், பூஜ்யம் மாதம், இருபத்து மூன்று நாள்.

சுக்கிர புக்தி. கல்யாணத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது என்று இவரே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். மொத்தம் மூன்று வருடம் இருக்கும். செவந்தி விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினாள். ரெண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில் ஆரம்பித்திருக்கிறது. முத்துராஜ் முதன்முதலில் வந்து நின்றது அந்த ஆகஸ்ட்.

"மூணு வருஷம் அண்ணி. முழுசா இருந்துச்சு. சும்மா போயிருச்சு" என்றாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் எதிர்க்கடைக்குப் போனார்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். என் முன்னால் அவள் முத்துராஜுக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. நம்பர் மனப்பாடமாக இருந்தது.

"மச்சான், அண்ணன் அங்கிட்டு வந்திருக்காரா? வரலையா? வந்தா உக்கார வச்சு, சோத்தப் போட்டு, வாயத் தொறக்க விடாதீங்க. என்ன ஏதுன்னு பெறகு சொல்றேன். அத்தைக்கிட்டயும் சொல்லிருங்க."

அவர் போய்ச் சேரவில்லை என்பது எங்களுக்கு இன்னொரு கவலை ஆனது. ஒரு மணிக்குக் கேட்டோம், வரவில்லை. இரண்டரைக்குக் கேட்டோம், வரவில்லை. பஸ் எங்கேயாவது நின்றுவிட்டதா, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டையாவது சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார். சட்டை கசங்கி, பையில் சாப்பாட்டு டப்பா அப்படியே கனமாக இருந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"இல்லை" என்றார். "பஸ் ஸ்டாண்டுல எறங்குனேன். அத்தை வீட்டுக்குப் போறதுக்குக் கால் வரலை. அங்கேயே பெஞ்சில ஒக்காந்திருந்தேன். போன் அடிச்சுச்சு, அத்தையோன்னு பயந்துக்கிட்டு எடுத்தே பாக்கலை. நாளைக்கு நீ போயிச் சொல்லு பரிமளா. என்னால முடியாது."

எனக்கு அந்த நிமிடத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. நடு ரோட்டுக் கடையில் அது முடியாது என்பதால், "உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன். மூன்று தாள்களையும் அவர் முன்னால் வைத்தேன். மூலைத் தேதியைக் காட்டினேன். எப்படிச் சொன்னால் அவருக்கு வலிக்காது என்று மதியமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஆனால் யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. தேதி நின்றது, அதோடு கணக்கும் நின்றது என்று உள்ளது உள்ளபடி வந்துவிட்டது.

அவர் வாதாடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பழைய தாளைப் பார்த்தார், புதிய தாளைப் பார்த்தார், அந்த இருபத்து மூன்று நாளில் விரலை வைத்தார்.

"அப்பா நேரம் பாக்காம அக்காவக் கெடுத்தாரு. நான் நேரம் பாத்துப் பாத்து இவளைக் கெடுத்துட்டேன்" என்றார். பிறகு செவந்தியை நிமிர்ந்து பார்க்காமலே, "ஒன் மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை இல்லம்மா" என்றார். அவர் அழுது நான் பார்த்தது இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

செவந்தி எழுந்துபோய் அவருக்கு முன்னால் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, இதுக்குப் போயி. எனக்கு மொதல்லயே தெரியும்."

அவர் தலையைத் தூக்கினார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி இங்க ஒக்காந்து லேப் ரிப்போர்ட் ஒண்ணு டைப் பண்ணுனேன்ல, அப்பவே மூலையில தேதியப் பாத்துட்டேன். ஜாதகம் தப்புன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. எனக்கு அப்பக் கல்யாணம் வேணாம்னு இருந்துச்சு. மேல ஒரு கோர்ஸ் முடிக்கணும்னு ஆசை. ஒங்ககிட்டச் சொன்னா ஒடனே கட்டி வச்சுருவீங்க. அதான் கமுக்கமா இருந்துட்டேன்."

"கோர்ஸ் முடிச்சியே, அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"முத்துராஜு?"

"அவருக்கும் தெரியும். நாந்தான் பொறுக்கச் சொன்னேன். இல்லாட்டி மூணு வருஷம் எவனாவது சும்மா காத்திருப்பானா?"

அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. லேபில் ஊசி குத்துவதற்கு முன் குழந்தைகளிடம் வலிக்காது என்று சொல்வாளே, அந்த முகம். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அவள் கண்ணீர் நனைத்த இடம் என் தோளில் இன்னும் முழுசாகக் காயவில்லை. அந்தக் கோர்ஸில்கூட, வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது அண்ணி என்று சொல்லித்தான் சேர்ந்தாள்.

இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பலாமா வேண்டாமா என்று தடுமாறுவது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் செய்த ஒரு தப்பைக்கூட நான் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. நான் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று இவருக்குத் தெரியும்.

"ஒனக்கும் தெரியுமா பரிமளா?"

செவந்தி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றேன்.

அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். அப்புறம் மெதுவாகக் கோபம் வந்தது. அது வருவதைப் பார்த்து எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"ரெண்டு பேரும் சேந்து என்னைய முட்டாளாக்கியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் ராத்திரியில தூக்கமில்லாமக் கெடந்தனே, அதுகூடத் தெரியலையா ஒங்களுக்கு? படிக்கணும்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்? என்ன கல்நெஞ்சு ஒங்களுக்கு" என்று ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே டப்பாவைத் திறந்தார். திட்டிக்கொண்டே ஆறிப்போன புளிச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். செவந்தி தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாள். அதையும் திட்டிக்கொண்டேதான் குடித்தார்.

கையைக் கழுவியதும் போனை எடுத்து அத்தைக்குப் போட்டார்.

"அத்தை, நான் சோலையப்பன். ஆனியில மொத முகூர்த்தமே பாத்துருங்க. இருபத்து மூணு நாளுக்குள்ள முடிச்சுரணும். ஆமா, சம்மதந்தான். லேட்டானதுக்கு மன்னிச்சுக்கங்க, எங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டும் சேந்து என்கிட்ட மறைச்சுட்டாளுக. நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன், நீங்களே நாலு வார்த்தை கேளுங்க."

நாங்கள் இருவரும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் குற்றவாளிகள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். செவந்தி என் கையைப் பிடித்திருந்தாள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் விடவில்லை.